ஆர்.பி. எல்லாவற்றுக்கும் அந்த ஊசி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரம்பரைக் கண்நோய்களுக்கான மரபணு சிகிச்சை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த ஆர்.பி. (ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்ல அழியும் பரம்பரை நோய்) குடும்பங்கள், “ஊசி எங்கே கிடைக்கும்?” என்றுதான் முதலில் கேட்கும். எந்த மரபணுவில் பழுது என்பது தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த லக்ஸ்டர்னா, ஆர்பிஇ65 என்ற ஒரே மரபணுவுக்கான மருந்து. அம்மா வழி, அப்பா வழி இரண்டு பிரதியும் பழுதாகியிருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் இரண்டு வெவ்வேறு மாற்றங்கள் இருந்தால், இரண்டுமே ஒரே பிரதியில் இருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் பெற்றோர் ரத்தத்தையும் சோதித்தே ஆக வேண்டும். செலவு மிச்சம் என்று பலர் விடுவது இதைத்தான். ஸ்டார்கார்ட் என்ற இன்னொரு பரம்பரை விழித்திரை நோய்க்கு இதே வழி செல்லாது. நல்ல மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து செல்வது ஒரு வைரஸ்; அது சுமார் 4,700 டிஎன்ஏ எழுத்துகளைத்தான் சுமக்கும். அந்த நோய்க்குக் காரணமான ஏபிசிஏ4 மரபணுவுக்கோ 6,800 வேண்டும்.

வைட்டமின் ஏ மாத்திரை போதாதா என்பார்கள். இங்கே குறைவது சத்து அல்ல, அதை விழித்திரைக்கு ஏற்றபடி மாற்றும் நொதி. செத்த செல்லுக்கு மரபணு கொடுத்தும் பயனில்லை என்பதால், உயிருள்ள செல்கள் மிச்சம் இருக்கின்றனவா என்று விழித்திரை அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் முதலில் பார்ப்பார்கள்.

‘ஊசி’ என்ற சொல்லை நம்பி வெளிநோயாளியாகப் போட்டுக்கொண்டு திரும்பலாம் என்று எண்ண வேண்டாம். கண்ணுக்குள் இருக்கும் கூழை அகற்றி, விழித்திரைக்கு அடியில் 0.3 மில்லி மருந்தைச் செலுத்தும் அறுவை சிகிச்சை இது. அந்தத் துளியில் 15,000 கோடி வைரஸ் துகள்கள். மாகுலாவில் (விழித்திரையின் நடுப்பகுதி) ஓட்டை, விழித்திரைக் கிழிசல், கண்புரை, அழுத்த உயர்வு எல்லாம் நேரலாம். எதிர்ப்புச் சக்தி கிளர்ந்தெழாமலிருக்க, மூன்று நாள் முன்பே பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்க வேண்டும்: நாளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி., உச்சம் 40 மி.கி. ஏழு நாள் கொடுத்து, அடுத்த பத்து நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். நடுவில் தாமாக நிறுத்துவது ஆபத்து. மறு கண்ணுக்குக் குறைந்தது ஆறு நாள் இடைவெளி. அறுவையின்போது கண்ணில் வைத்த காற்றுக்குமிழி கரையும்வரை விமானம் கூடாது, ஊட்டி, கொடைக்கானலும் கூடாது. வெளிநாடு போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டை யோசித்துப் போடட்டும்.

பலன்? பொடி எழுத்து படிப்பதில் அல்ல, மங்கல் வெளிச்சத்தில் நடமாடுவதில் தெரியும். மூன்றாம் கட்ட ஆய்வில் சிகிச்சை பெற்ற 20 பேரில் 13 பேர், ஓராண்டு கழித்து 1 லக்ஸ் அளவு மிக மங்கலான வெளிச்சத்தில் தடைப்பாதையைக் கடந்தார்கள். சிகிச்சை பெறாத குழுவில் ஒருவரும் இல்லை. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் இரண்டு கண்ணுக்கும் அறிவித்த விலை 8,50,000 டாலர். இந்த விலையையும் ஆர்பிஇ65 என்ற பெயரையும் அடுத்த இதழில் இரண்டு வரியாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
விழித்திரை மருத்துவர் ஒருவர்,
மதுரை