கடைசி நடை நின்ற பிறகு: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தபாலும் இப்போது படகை நம்பித்தான் வருகிறது என்பதால், நீ எழுதிய தேதிக்கும் அது என் கைக்கு வந்த தேதிக்கும் இடையே ஒரு வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது. படகுப் போக்குவரத்தைக் குறைத்துவிட்டார்களாமே, ஊர் எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்டிருந்தாய். விவரமாக எழுதாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

நாளொன்றுக்கு ஆறு நடை போய்வந்த படகு, மூன்று மாதமாக நான்கு நடைதான் ஓடுகிறது. மாலை ஐந்து மணி நடையும் ஏழு மணி நடையும் நின்றுவிட்டன. எதிர்க்கரையிலிருந்து ஊர் திரும்பப் பிற்பகல் மூன்று மணிப் படகே கடைசி. அதைத் தவறவிட்டால் சாலை வழியாகக் கழிமுகத்தைச் சுற்றிக்கொண்டு நான்கு மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். படகில் அது நாற்பது நிமிடம். துறையில் இருக்கும் நேரப் பலகையில் அந்த இரண்டு வரிகளின் மீது வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். உப்புக் காற்றில் அதன் ஓரம் பிரிந்து, அடியிலிருந்து ஏழு என்ற எண் பாதி எட்டிப் பார்க்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போய் நிற்கிறது.

குறைத்ததற்குக் காரணம் ஆள் பற்றாக்குறை. நம்மில் பலர் நினைப்பதுபோல் இது சாக்குப்போக்கு அல்ல. ஒரு கப்பலில் குறைந்தது எத்தனை மாலுமிகள், எந்தெந்தத் தகுதிச் சான்றிதழோடு இருக்க வேண்டும் என்று கடல் பாதுகாப்பு விதிகள் வரையறுத்திருக்கின்றன. அதில் ஒருவர் குறைந்தாலும் படகு கரையை விட்டு நகரக் கூடாது. இயந்திரம் ஓடத் தயாராக இருக்கும், பயணிகள் வரிசையில் நிற்பார்கள், ஆனால் ஒரு பொறியாளர் காய்ச்சலில் படுத்துவிட்டால் அன்றைய நடை போயிற்று. வயதானவர்கள் ஓய்வு பெற்றுப் போகிறார்கள். அவர்கள் இடத்துக்குப் புதியவர் ஒருவர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் படகுச் சேவை அந்த நாட்டிலேயே பெரியது. அங்கேயே 2021 அக்டோபரில் இதே காரணத்தால் நேர அட்டவணையைச் சுருக்க வேண்டியதாயிற்று. ஆகையால் துறையில் நிற்கும் ஊழியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கைக்கு இருக்கும் ஆட்களை வைத்து எந்த நடையை நிறுத்துவது என்று முடிவெடுத்த விதத்தில்தான் எனக்கு மனத்தாங்கல்.

மாலை நடைகளில் ஏறுவோர் மிகக் குறைவு, அதனால் அவற்றை நிறுத்தினால் பாதிப்பும் குறைவு என்றார்கள். ஏழு மணிப் படகில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வந்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் காலையில் அக்கரைக்குப் போனவர்களில் எத்தனை பேர், எவ்வளவு தாமதமானாலும் ஏழு மணிக்கு ஒரு படகு உண்டு என்ற தைரியத்தில் கிளம்பினார்கள் என்பதை எந்தப் பயணச்சீட்டும் காட்டாது. மூன்று மணிக்கே வேலை முடிந்து திரும்பியவருக்கும் அந்தக் கடைசிப் படகு பின்னால் நின்று காவல் காத்தது. அது போனதும் காலைப் படகிலும் கூட்டம் குறையத் தொடங்கிவிட்டது. இனி அந்தக் குறைவைக் காட்டி அடுத்த நடையையும் நிறுத்தலாம் என்பதுதான் என் பயம்.

பக்கத்து வீட்டு அம்மாவை உனக்கு நினைவிருக்கும். அவருக்கு இப்போது வாரத்துக்கு மூன்று நாள் அக்கரையில் டயாலிசிஸ் செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். முன்பு முறை தாமதமானாலும் ஐந்து மணிக்கோ ஏழு மணிக்கோ ஏறி வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார். இப்போது மூன்று மணிக்குள் முடியாத நாட்களில் அங்கேயே இரவு தங்குகிறார். சென்ற வாரம் நான் துணைக்குப் போயிருந்தேன். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே, மற்றக் கையால் என் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஐம்பது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலணியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

அலாஸ்காவில் கோர்டோவா என்றொரு மீன்பிடி ஊர் இருக்கிறது. வெளியுலகோடு அதை இணைக்கும் சாலை கிடையாது. மாநில அரசு நிதியைக் குறைத்ததால் 2019 செப்டம்பருக்குப் பிறகு குளிர்காலம் முழுவதும் அங்கே படகே வரவில்லை. அதோடு ஒப்பிட்டால் நம் நிலை எவ்வளவோ மேல் என்று சிலர் தேற்றுகிறார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. புதுக் கப்பல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சையும் நான் நம்பியிருக்கவில்லை. ஸ்காட்லாந்தில் அர்ரான் தீவுக்கென 2015-இல் ஒப்பந்தமான ‘க்ளென் சானக்ஸ்’ 2018-இல் ஓட வேண்டியது, 2025 ஜனவரியில்தான் பயணிகளை ஏற்றியது.

ஊரும் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. சிலர் சேர்ந்து ஒரு காரை அக்கரையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். படகைத் தவறவிட்டவர்களைச் சுற்றுவழியில் அழைத்து வர ஆளுக்கொரு நாள் முறை. மாலையில் பிடிபடும் மீனை மறுநாள் காலைவரை பனிக்கட்டியில் வைப்பதால் விலை இறங்குகிறது என்பதற்கு மட்டும் யாராலும் வழி காண முடியவில்லை. நாங்கள் எழுதிக் கொடுத்த மனுவில் ஆறு நடையையும் திருப்பித் தரச் சொல்லவில்லை. நான்கு நடைதான் முடியுமென்றால், ஆள் அதிகம் ஏறாத நண்பகல் நடையை விட்டுவிட்டு அதே மாலுமிகளின் பணிநேரத்தைத் தள்ளி ஏழு மணிக்கு ஒன்றை ஓட்டுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த மாதம் கூட்டத்துக்கு வருவதாக ஓர் அதிகாரி சொல்லியிருக்கிறார். காலைப் படகில் வந்தால் அவரும் மூன்று மணிக்குள் கிளம்பியாக வேண்டும்.

இந்த ஆண்டாவது வருவதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து வா. ஆனால் வழக்கம்போல் வேலையை முடித்துவிட்டு மாலையில் புறப்படாதே. இரவு அக்கரையில் தங்கிக் காலைப் படகைப் பிடி. துறையில் காத்திருப்பேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்