புளி போட்டுத் தேய்த்துவிடாதே

திருச்சி,
செவ்வாய் இரவு

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் நேற்று வந்தது. ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. அந்தச் சிம்பலை, டிரம்ஸோடு தட்டும் அந்த வெண்கலத் தட்டை, புளி போட்டுத் தேய்க்காதே. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்க்கும்போது இதையும் சேர்த்துப் பளபளவென்று ஆக்கித் தருவதாகத் தங்கச்சி சொன்னதாக எழுதியிருக்கிறாய். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டதாகச் சொல். வேண்டாம்.

நம் கச்சேரிக் கோஷ்டி மாஸ்டரின் மகள் பரண் ஒழிக்கும்போது எடுத்து, "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் மாமா" என்று உன்னிடம் கொடுத்தாள் என்ற வரி வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். காபி குடித்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். அந்தச் சிம்பலை நம் யாரையும் அவர் தொட விட்டதில்லை, ஞாபகம் இருக்கிறதா? கச்சேரி முடிந்ததும் மற்றதையெல்லாம் நான் கழற்றுவேன். அதை மட்டும் அவரே கழற்றி, பழைய வேட்டியில் சுற்றி, வேனில் தன் மடியில் வைத்துக்கொள்வார்.

சரி, உன் சந்தேகத்துக்கு வருகிறேன். சிம்பலின் முத்திரையில் "ஜெனுயின் டர்கிஷ் சிம்பல்ஸ்" (அசல் துருக்கிச் சிம்பல்) என்று ஒரு வரி, அதற்குக் கீழேயே "மேட் இன் யூ.எஸ்.ஏ." என்று இன்னொரு வரி, துருக்கிச் சரக்கு அமெரிக்காவில் எப்படி உருவாகும், எவனோ மாஸ்டர் தலையில் டூப்ளிகேட்டைக் கட்டிவிட்டான் என்கிறாய். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அசலில் அப்படித்தான் இருக்கும் அப்பா. இன்னும் ஒன்று சொன்னால் உனக்குத் தலை சுற்றும்: செய்தவர் துருக்கியரும் இல்லை, அமெரிக்கரும் இல்லை. ஆர்மீனியர்.

கதை கான்ஸ்டாண்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில் தொடங்குகிறது. அவெடிஸ் என்று ஒரு ஆர்மீனியர். ரசவாதம் செய்து, செம்பைப் பொன்னாக்கப் பார்த்தவர். பொன் வரவில்லை. 1618இல் செம்பும் வெள்ளீயமும் துளி வெள்ளியும் சேர்ந்த ஒரு கலவை வந்தது. அதைத் தகடாக்கித் தட்டினால் உடையாமல் நெடுநேரம் ஒலித்தது. சுல்தான் இரண்டாம் உஸ்மானின் காதுக்கு விஷயம் போய், அரண்மனைக்கே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1623இல் சமாத்யா என்ற பகுதியில் சொந்தப் பட்டறை போட்டார். இதெல்லாம் அந்தக் குடும்பம் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. பொன் தேடிய பகுதியை அப்படியே விழுங்கிவிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் உன் சிம்பலில் இருக்கும் 'ஜில்ஜியன்' என்ற பெயரில் சந்தேகமில்லை. துருக்கியில் 'ஜில்' என்றால் சிம்பல், 'ஜில்ஜி' என்றால் அதைச் செய்கிறவர், கடைசியில் வரும் 'யன்' ஆர்மீனியப் பெயர்களின் வால், மகன் என்று அர்த்தம். ஜில்ஜியன். நம் ஊரில் "கன்னார் வீட்டுப் பையன்" என்பது போல.

அப்போது அதை வாங்கியவர்கள் சுல்தானின் காலாட்படையான ஜானிசரிப் படைக்காரர்கள். அவர்களுடைய வாத்தியக் கோஷ்டிக்கு மெஹ்தர் என்று பெயர். பெரிய பெரிய முரசு, சீவாளி வைத்து ஊதும் சுர்னா, கூட இந்த ஜில். எதிரிப் படை பார்ப்பதற்கு முன்னால் கேட்டே நடுங்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயிரம் வெண்கலக் கடையில் ஆயிரம் யானை புகுந்த மாதிரி இருந்திருக்கும். ஒரு வேடிக்கை பார், அவெடிஸை ஆதரித்த அந்த உஸ்மானை 1622இல் கொன்றதும் இதே ஜானிசரிகள்தான். அவர்களுக்கும் முடிவு வந்தது: 1826இல் இன்னொரு சுல்தான் படையையே கலைத்துவிட்டார். ஆனால் அதற்குள் இந்தச் சத்தம் ஐரோப்பா போய்விட்டிருந்தது. மொசார்ட் 1782இல் வியன்னாவில் அரங்கேற்றிய ஓபராவிலேயே துருக்கி பாணிக்காகச் சிம்பலைச் சேர்த்துவிட்டார். பயமுறுத்தப் பிறந்த வாத்தியம், கோட்டு போட்ட கனவான்கள் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது.

ரகசியம் அப்பனிடமிருந்து மகனுக்கு. 1851இல் அந்த வம்சத்து இரண்டாம் அவெடிஸ் ஒரு பாய்மரக் கப்பலில் லண்டன் கண்காட்சிக்குச் சிம்பல்களைக் கொண்டுபோனார். 1865இல் அவர் இறந்தபோது பிள்ளைகள் சிறுவர்கள். தம்பி கெரோப் பட்டறையை எடுத்துக்கொண்டார். 'கே ஜில்ஜியன்' என்று டிரம்மர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்களே, அந்தக் 'கே' இவருடையது. உன் கையில் இருப்பது 'ஏ', அவெடிஸின் எழுத்து. அதன் கதை வேறு. குடும்பத்து இளைஞர் ஒருவர், அவர் பெயரும் அவெடிஸ்தான், 1909இல் அமெரிக்கா போய் பாஸ்டனில் மிட்டாய் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். 1927இல் சித்தப்பா ஆராமிடமிருந்து கடிதம்: குலத்தொழில் உன் முறைக்கு வருகிறது. மிட்டாய்க்காரருக்கு இஷ்டமே இல்லை என்பார்கள். கடைசியில் 1929இல் பாஸ்டனுக்குப் பக்கத்தில் குவின்சி என்ற ஊரில் உலை மூட்டினார். உலகமே திவாலான வருடம்! கலவை துருக்கியிலிருந்து வந்தது, உலை அமெரிக்காவில். அதனால்தான் உன் சிம்பலில் அந்த இரண்டு வரி. புரிந்ததா?

அவர் பிழைத்ததற்கு டிரம்மர்களின் பேச்சைக் காதில் வாங்கியதும் ஒரு காரணம். அதுவரை சிம்பல்கள் தடி தடியாக இருக்கும். ஜீன் க்ரூபா போன்ற அமெரிக்க ஜாஸ் டிரம்மர்கள் மெல்லியதாகக் கேட்டார்கள், செய்து கொடுத்தார். இன்று நாம் கிராஷ் (ஓங்கி அடிப்பது), ரைடு (தாளம் ஓட்டுவது), ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடி) என்று சொல்வதெல்லாம் அந்த ஸ்விங் ஜாஸ் காலத்தையொட்டிப் பிரிந்து வளர்ந்தவை. 1940 வாக்கில் கென்னி கிளார்க் என்ற பிட்ஸ்பர்க் டிரம்மர் காலப்பிரமாணத்தைப் பேஸ் டிரம்மிலிருந்து தூக்கி ரைடு சிம்பலில் வைத்தார். 'டிங், டிங்-க-டிங்'. அது வரை ஆச்சரியக்குறியாக இருந்த சிம்பல், அன்றிலிருந்து ராத்திரி முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டது.

இனிமேல்தான் உனக்கு நெருக்கமான விஷயம். உலோகம். நூற்றுக்கு ஏறக்குறைய எண்பது செம்பு, இருபது வெள்ளீயம். வேறொன்றும் இல்லை, நம் வெண்கலமேதான். உன் அம்மா பொங்கல் வைத்த வெண்கலப் பானை கைதவறி விழுந்தால் நசுங்காது, விரிசல் விடும். தட்டினால் கணீரென்று ஒரு நாதம் வரும். பித்தளைக்கு அந்தக் குணம் இல்லை. வெள்ளீயம் இவ்வளவு சேர்ந்தால் குளிர்ந்த நிலையில் அடிக்கவே முடியாது, தெறித்துவிடும். செக்கச்செவேலென்று காய்ச்சி, உருட்டி, மறுபடி காய்ச்சி, மறுபடி உருட்டி, கடைசியில் சட்டென்று தண்ணீரில் முக்க வேண்டும். இரும்பை அப்படி முக்கினால் கெட்டிப்படும், இது நேர்மாறாக இளகிக் கொடுக்கும். அதற்கப்புறம்தான் சுத்தியல், கடைசல் எல்லாம். ஸ்ரீவைகுண்டத்தில் உட்கார்ந்துகொண்டு நீ இதைப் படிக்கிறாய். உனக்கு அடுத்தாற்போல் இருக்கும் ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த வெண்கலப் பாத்திரங்களிலும் இதே போல வெள்ளீயம் தூக்கலான கலவையும், காய்ச்சி அடித்துத் தண்ணீரில் முக்கும் வேலையும் இருக்கின்றன. அவெடிஸுக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய சமாசாரம். ரகசியம் ரகசியம் என்கிறார்களே, அது கலவையில் பாதிதான். மீதி, எந்தச் சூட்டில் எப்போது எடுப்பது என்ற கையில் இருக்கிறது.

பழைய சிம்பலின் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறாய். மாஸ்டர் வாசித்ததை எத்தனை ராத்திரி கேட்டிருக்கிறாய், நீயே சொல். புதுசு அடித்ததும் "நான் வந்துவிட்டேன்" என்று கத்தும். பழசு அடித்ததும் ஒரு சின்ன 'டக்', குச்சியின் நுனிச் சத்தம். அதற்குப் பின்னால் மூச்சு விடுவது போல ஒரு விரிப்பு. அதில் ஒற்றைச் சுருதி கிடையாது. நீ ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையைப் பிடித்தாலும் அது பொருந்தியும் பொருந்தாமலும் நிற்கும், பாட்டைக் கெடுக்காது. மெல்ல அடித்தால் கீழ்ச் சத்தங்களோடு நிற்கும். ஓங்கி அடித்தால் அந்தச் சக்தியே கண் இமைக்கும் நேரத்துக்குள் மேலே மேலே ஏறி 'ஷ்ஷ்' என்று பொரியும். கனமான தகட்டில் சுருதி மேலே போய்க் குத்தும். மெல்லிசில் தாழ்ந்து, சீக்கிரம் அடங்கும். சுத்தியல் அடி ஒழுங்கில்லாமல் விழுந்திருந்தால் இன்னும் கரகரப்பு, இன்னும் இருட்டு. இஸ்தான்புல் 'கே'க்களை எல்வின் ஜோன்ஸ், டோனி வில்லியம்ஸ் போன்ற ஜாஸ் டிரம்மர்கள் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். இன்றைய தொழிற்சாலைச் சரக்கு இட்லி மாதிரி, ஒன்றைப் போலவே இன்னொன்று. அந்தக் 'கே'க்கள் தோசை. ஒன்று முறுகும், ஒன்று கிழியும், பத்தில் ஒன்று மறக்க முடியாமல் அமையும். நியூயார்க் டிரம்மர்கள் குவியலில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் பொறுக்குவார்களாம்.

வயதானால் சிம்பல் பழுக்கும் என்கிறார்கள். எனக்கு முழு நம்பிக்கை இல்லை. மட்டமானதெல்லாம் உடைந்து உருக்கப்பட்டிருக்கும், நல்லதைத்தான் யாராவது வேட்டியில் சுற்றிக் காப்பாற்றியிருப்பார்கள். அதனால் பழசெல்லாம் நல்லது போலத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் மேலே படிந்த களிம்பும் கை அழுக்கும் அந்த நுணுக்கமான கடைசல் வரிகளுக்குள் உட்கார்ந்து கூச்சலை மட்டுப்படுத்தும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 86இல் ஒரு கல்யாணக் கச்சேரிக்கு முந்தின நாள், என் 18 அங்குலக் கிராஷைப் புளியும் எலுமிச்சையும் போட்டு, மேலே சாமான் கழுவும் பவுடரும் போட்டுத் தேய்த்தேன். தங்கமாக மின்னியது. முத்திரை எழுத்து போயே போய்விட்டது. மறுநாள் மேடையில் தட்டினால் தட்டு விழுந்த சத்தம். மாஸ்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது. உலர்ந்த துணியால் தூசியை மட்டும் தட்டு. நடு ஓட்டையின் ஓரத்தையும் வெளி விளிம்பையும் நகத்தால் தடவிப் பார், விரிசல் இருந்தால் நகம் மாட்டும். அளவெடு. மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார். 20 அங்குலம் இருந்து 1,800 கிராமுக்குக் கீழே நின்றால் மெல்லிய ரகம், எனக்கு உடனே போன் செய். அப்புறம் ஓட்டையில் கயிற்றைக் கோத்துத் தொங்கவிட்டு, பென்சிலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டி, முழுக்க அடங்கும் வரை கேள். எத்தனை விநாடி என்று எழுது. விற்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாஸ்டர் மகளிடம் கேட்காமல் பேசாதே.

எனக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. பெரியவன் பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறான். போன மாதம் காது பரிசோதனை செய்தேன். மேல் சத்தங்கள் நிறையப் போய்விட்டனவாம், முப்பத்தைந்து வருடம் சிம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததற்குக் கூலி. குக்கர் விசில் கேட்கிறது, வீட்டுக்காரியின் முணுமுணுப்பு கேட்பதில்லை, அதில் லாபம்தான். ஆனால் அந்த 'ஷ்ஷ்' எனக்கு இனி எவ்வளவு கேட்கும் என்று தெரியவில்லை. கீழ்ச் சத்தம் கேட்கும். விளிம்பில் விரல் வைத்தால் நடுக்கம் தெரியும்.

டிசம்பரில் பேத்தி காதுகுத்துக்கு வருகிறாய் அல்லவா, கொண்டுவா. ரயிலில் மேல் பலகையில் போடாதே, எவனாவது பெட்டியை வைத்துவிடுவான். வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொள். ஸ்டாண்டு என்னிடம் இருக்கிறது, நடுவில் போடும் ஃபெல்ட் வளையம் மட்டும் புதிதாக வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
ஜெயராஜ்