நண்பனுக்குக் கடிதம்: குறியீடு என்பது பாகத்தின் பெயர் அல்ல

கோயம்புத்தூர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வண்டியில் செக் இன்ஜின் விளக்கு எரிந்ததையும், ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்து, பி0420 (P0420) என்ற குறியீடு வருவதால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டதையும் படித்தேன். பணத்தைக் கட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுவதுமாகப் படித்துவிடு. சென்ற ஆடி மாதம் நானும் இதே இடத்தில்தான் நின்றேன்.

என் வண்டியில் வந்தது பி0171. இன்ஜினுக்குள் காற்று மிகுந்தும் பெட்ரோல் குறைந்தும் போகிறது என்பது அதன் பொருள். இங்குள்ள ஒர்க்‌ஷாப் ஒன்றில் அதைப் பார்த்த மாத்திரத்திலேயே புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றார்கள். மாற்றினோம். குறியீட்டை அழித்து விளக்கை அணைத்தும் கொடுத்தார்கள்; ஒன்பதாம் நாள் அது மீண்டும் எரிந்தது. செலவானதைவிட, காற்று ஏன் மிகுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே என்பதுதான் என்னை உறுத்தியது. புகையில் ஆக்சிஜன் மிகுந்திருக்கிறது என்று அந்தச் சென்சார் சொன்னது முழு உண்மை. உண்மையைச் சொன்னதைத்தான் நாங்கள் கழற்றி எறிந்திருக்கிறோம்.

பிறகு புளூடூத்தில் கைபேசியோடு இணையும் சிறிய ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். ஸ்டீயரிங்கின் அடியில் பதினாறு ஊசிகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில்தான் சொருக வேண்டும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட, வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் ஓபிடி 2 முறை இது. பி0 என்று தொடங்கும் குறியீடுகளுக்கு எந்த நிறுவனத்தின் வண்டியிலும் பொருள் ஒன்றே. பி1 என்று தொடங்குபவை அந்தந்த நிறுவனம் தனக்கென வைத்துக்கொண்டவை.

குறியீட்டோடு, அது பதிவான நொடியில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதையும் வண்டிக்குள் இருக்கும் கணினி சேமித்து வைக்கிறது. அதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். என் வண்டியில் அது இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலிங்கில் நின்றிருந்த நேரம். அடுத்து ஃபியூயல் டிரிம் பார்த்தேன். கலவையைச் சரிசெய்யக் கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைச் சதவீதமாகக் காட்டும் கணக்கு அது; பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நலம், பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எனக்கு ஐடிலிங்கில் 19 காட்டியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தியபோது 5க்கு இறங்கியது. இந்த இறக்கம்தான் விடை. பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் வேகம் கூடக் கூட நிலைமை மோசமாகியிருக்கும். ஏர் ஃபில்டரை அடுத்திருக்கும் மாஃப் சென்சார் அளந்து அனுப்பும் காற்று போக, அதற்கு அப்பால் ஏதோ ஒரு பிளவு வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைகிறது; ஐடிலிங்கில் மொத்தக் காற்றே குறைவு என்பதால் அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரிகிறது.

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் தேடினேன். இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரிலிருந்து, காற்றை இன்ஜினுக்குள் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் கட்டைவிரல் பருமனுள்ள ரப்பர் ஹோஸ், மேலிருந்து பார்க்கப் புதிது போலவே இருந்தது. வளைவின் அடியில் விரலை விட்டுத் தடவியபோது ரப்பர் எண்ணெயில் ஊறிப் பிசுபிசுத்து, நகம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. பிளவை விரலால் அழுத்தி மூடினேன். 'உஸ்' என்ற சத்தம் நின்றது, நடுங்கிக்கொண்டிருந்த இன்ஜின் அடங்கியது, கைபேசியில் எண் கண்ணெதிரே இறங்கியது. புதிய ஹோஸின் விலை 380 ரூபாய். அதன்பின் இன்றுவரை விளக்கு எரியவில்லை.

இனி உன் வண்டிக்கு வருகிறேன். பி0420 என்பது கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருப்பதாகக் கணினி கருதுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. கன்வெர்ட்டருக்குப் பின்னாலுள்ள ஆக்சிஜன் சென்சாரின் அளவு ஏறக்குறைய நிலையாக இருக்க வேண்டும்; முன்னாலுள்ளதைப் போலவே அதுவும் ஏறி இறங்கினால் இந்தக் குறியீடு வரும். ஆனால் அந்தச் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயின் இணைப்பில் கசிவு இருந்தாலும் இது வரக்கூடும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதா, இணைப்பில் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். கூடவே பி0300, பி0301 போன்ற மிஸ்ஃபயர் குறியீடுகள், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று சொல்பவை, இருந்தால் முதலில் ஸ்பார்க் பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் கவனிக்க வேண்டும். எரியாத பெட்ரோல் போய்ச் சேர்ந்தால் புதிய கன்வெர்ட்டரும் கருகிவிடும். இன்ஜின் ஆயில் குறைகிறதா என்பதையும் பார். இவை எல்லாம் சரியாக இருந்தால், அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், அப்போது மாற்றிவிடு.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் வண்டியை ஓட்டாதே, ஓரமாக நிறுத்திவிடு. மற்றபடி, குறித்துக்கொள்ளும் முன் யாரையும் குறியீட்டை அழிக்க விடாதே, பேட்டரியையும் கழற்ற விடாதே. ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும்.

ஃப்ரீஸ் ஃப்ரேமில் உள்ளவற்றையும் ஐடிலிங்கிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் காட்டும் இரண்டு ஃபியூயல் டிரிம் எண்களையும் எழுதி அனுப்பு. சனிக்கிழமைக்குள் கிடைத்தால், ஞாயிறன்று ஸ்கேனரை எடுத்துக்கொண்டு நானே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்