இருபத்தொரு நிமிடங்கள்

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. ஓய்வில் கேட்பதற்கு ஏதாவது சொல் என்றாயே, 'சீரியல்' என்ற அமெரிக்க பாட்காஸ்டின் முதல் சீசனைக் கேள். 2014-இல் வந்தது, 12 பகுதிகள். பழையது என்று ஒதுக்கிவிடாதே.

1999-இல் பால்டிமோரில் ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி கொல்லப்பட்டாள். அவளுடைய முன்னாள் காதலர் அத்னான் சையதுக்கு ஆயுள் தண்டனை. அந்த வழக்கைச் சாரா கேனிக் என்ற செய்தியாளர் மறுபடி கிளறுகிறார். கொலையாளி யார் என்ற கேள்வியைவிட, சாராவின் மனம் ஊசலாடுவதுதான் என்னைக் கட்டிப்போட்டது. அத்னானை நம்புகிறார், பிறகு செல்போன் அழைப்புப் பட்டியலைப் பார்த்துத் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை நம்மிடம் மறைப்பதே இல்லை. விடை தெரிந்தவர் கதை சொன்னால் சும்மா கேட்டுக்கொண்டிருப்போம். தெரியாதவர் சொல்லும்போது நாமும் சாட்சிகளை எடைபோட ஆரம்பித்துவிடுகிறோம்.

ஐந்தாம் பகுதியை அவசரமில்லாமல் கேள். பள்ளி விட்டது 2.15-க்கு, 2.36-க்குள் கொலை முடிந்துவிட்டது என்பது அரசுத் தரப்பு வாதம். 21 நிமிடத்தில் அது முடியுமா என்று பார்க்க, சாராவும் தயாரிப்பாளர் டேனா சிவ்விஸும் பள்ளியிலிருந்து, கொலை நடந்ததாக அரசுத் தரப்பு சொன்ன 'பெஸ்ட் பை' என்ற மின்னணுப் பொருள் கடையின் கார் நிறுத்துமிடம் வரை காரில் போகிறார்கள். பள்ளி பஸ்கள் கிளம்பும்வரை காத்திருக்கும் நேரத்தையும் விடவில்லை. வழியில் சாரா மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்க, டேனாவோ ஏதோ ஒரு கடையில் இறால் மலிவு விற்பனை என்கிறார்! வேறு யாராவது தொகுத்திருந்தால் முதலில் வெட்டியெறிந்திருப்பார்கள். இங்கே விட்டுவைத்திருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு, கடிகாரத்தைப் பற்றி அவர்கள் சொல்வதையும் நம்பத் தோன்றுகிறது.

ஒன்று உறுத்துகிறது. ஹேயின் நாட்குறிப்பு வரிகள் நம் காதில் விழுகின்றன; அவள் குடும்பத்தார் யாரும் பேசவில்லை. இத்தனை விறுவிறுப்பாக நாம் கேட்பது அவர்கள் வீட்டுச் சாவை.

2022-இல் தீர்ப்பு ரத்தாகி அத்னான் வெளியே வந்தார். மறு ஆண்டே அது மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. சிறையில் கழித்த காலமே போதும் என்றது 2025-இல் நீதிமன்றம், ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்காதே. தொடரில் முடிவே கிடையாது.

கேட்டுவிட்டு எந்தப் பக்கம் என்று எழுது. இங்கே வசந்தா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்; சாப்பாட்டு நேரத்தில் குறுக்கு விசாரணை நடக்கிறது. தங்கை மீனாட்சிக்கு என் அன்பைச் சொல்.

உன்,
சிவராமன்