குற்றத் தொடர்கள் தீர்ப்பு வரை செல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தமிழகத்தை உலுக்கிய கொலை வழக்குகள் குறித்து வெளிவரும் தொடரைத் தவறாமல் படித்து வருகிறேன். மாவட்ட அமர்வு நீதிமன்றம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, அலுவலகப் பணிகளை மேற்பார்வையிடும் சிரஸ்தாராகப் பணி ஓய்வு பெற்றவன் நான். நடந்த குற்றங்களைப் பற்றிப் படிக்க மக்கள் ஆர்வம் கொள்வதை நான் குறையாகக் கருதவில்லை. எந்த வீட்டிலும் நிகழக்கூடிய ஒன்று பக்கத்துத் தெருவில் நிகழ்ந்துவிட்டால் அது ஏன், எப்படி என்று அறிய விரும்புவது இயல்பே. என் மனக்குறை தொடர் எழுதப்படும் விதத்தைப் பற்றியது. சம்பவமும் துப்பு துலங்கிய கதையும் பத்தி பத்தியாக விரிகின்றன. கைதும் வாக்குமூலமும் வந்தவுடன் கதை முடிந்துவிடுகிறது. நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்ததோ கடைசி இரண்டு வரிகளில் அடங்கிவிடுகிறது.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றிய பகுதியையே எடுத்துக்கொள்கிறேன். 'சினிமா தூது', 'இந்து நேசன்' ஆகிய இதழ்களை நடத்தி, திரைத்துறையினரின் அந்தரங்கங்களை எழுதி வந்த லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். டிசம்பரில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதம் உயர் நீதிமன்றத்தில் ஜூரிகள் அவர்களைக் குற்றவாளிகள் என்று முடிவு செய்ய, ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு தள்ளுபடியானது. வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, அங்கிருந்து மறுபரிசீலனைக்காகச் சென்னைக்கே திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று இருவரும் விடுதலை செய்யப்பட்டனர். இரண்டாண்டுக்கும் மேற்பட்ட சிறைவாசத்துக்குப் பின் கலைவாணர் மீண்டும் மக்கள் மனத்தில் இடம் பிடித்தார். பாகவதர் பழைய நிலையை எட்டவே முடியாமல் 1959இல் காலமானார். லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. தங்கள் தொடரோ ஜூரிகளின் தீர்ப்பு நாளை ஒரு முழுப் பத்தியில் வருணித்துவிட்டு, விடுதலையை 'பின்னர் விடுவிக்கப்பட்டனர்' என்ற இரண்டே சொற்களில் முடித்துக்கொண்டது. இளைய வாசகர் ஒருவர் அதைப் படித்தால், பெரிய இடத்துச் செல்வாக்கினால் தப்பிவிட்டார்கள் என்றே எண்ணிக்கொள்வார். என் பேரன் அப்படித்தான் எண்ணிக்கொண்டான்.

செய்தித்தாள்களில் அடிக்கடி இடம்பெறும் 'பரபரப்பு வாக்குமூலம்' என்ற தலைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நீதிமன்றத்தின் மீது மக்களுக்கு உண்டாகும் அவநம்பிக்கையில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது பணிக்காலம் முழுவதும் நான் கண்டு உணர்ந்தது. காவல்துறை அதிகாரியிடம் ஒருவர் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாக நிரூபிக்கக் கூடாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் 23ஆவது பிரிவாக அந்த விதி தொடர்கிறது. அடித்து வாங்கப்படும் வாக்குமூலங்களை நம்ப முடியாது என்பதை அந்நிய ஆட்சியாளர்களே அறிந்திருந்தார்கள். அந்த வாக்குமூலத்தின் பேரில் புதிதாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், உதாரணமாகக் கிணற்றிலிருந்து அரிவாள் எடுக்கப்பட்டால், அதற்கு வழிகாட்டிய பகுதி மட்டும் வழக்கில் பயன்படும். மீதியை நீதிபதி கருத்தில் கொள்ளக் கூடாது. ஆனால் அந்த மீதிதான் மறுநாள் காலையில் 'ஆத்திரத்தில் வெட்டிக் கொன்றேன்' என்று, கைதானவர் நிருபரிடமே பேசியதைப் போல, மேற்கோள் குறிகளுக்குள் அச்சாகிறது.

மகளைப் பறிகொடுத்த தந்தை ஒருவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் எங்கள் நீதிமன்றத்துக்கு வந்துகொண்டிருந்தார். டவாலி பெயர் கூப்பிடும் வரை தாழ்வாரத்து மர பெஞ்சில் அமர்ந்திருப்பார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதற்குள் மடிப்புகளில் கிழிந்து, பசை நாடாவால் ஒட்டப்பட்ட ஒரு செய்தித்தாள் நறுக்கு. நேரில் கண்ட சாட்சி முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சியானதாலும், இரத்தக் கறை படிந்த சான்றுப் பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவாகிய மகஜரில் குளறுபடி இருந்ததாலும், சந்தேகத்தின் பலனை அளித்து எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலை செய்யப்பட்ட நாளில் அவர் அந்த உறையை என் மேசை மீது வைத்து, "அவனே சொல்லியிருக்கானே ஐயா, இது உங்க கோர்ட்டுக்கு வரவே இல்லையா?" என்று கேட்டார். அந்த நறுக்கு சாட்சியமாகாது என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. நீதிபதி விலை போய்விட்டார் என்று அழுதுகொண்டே படியிறங்கினார். புலன்விசாரணை எங்கே பழுதானது, மேல்முறையீட்டுக்கு அரசை வலியுறுத்த முடியுமா என்று அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இருந்தன. எல்லாம் அன்றைக்கே முடிந்துவிட்டது என்று அந்த நறுக்கு அவரை நம்ப வைத்திருந்ததால் அவற்றை அவர் கேட்கவே இல்லை. அந்தச் செய்தி வெளிவந்த நாளிதழும் விடுதலைச் செய்தியை வெளியிடவில்லை.

வழக்குக்கே ஊறு விளைவிக்கும் இன்னொன்றும் உண்டு. முன்பின் அறியாத ஒருவரைச் சாட்சி சம்பவத்தின்போது மட்டுமே பார்த்திருந்தால், சிறைக்குள் நீதித்துறை நடுவர் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடத்தப்படும். ஏறத்தாழ ஒரே வயதும் தோற்றமும் கொண்ட பலரோடு எதிரியை நிறுத்தி, சாட்சியைத் தொட்டுக் காட்டச் சொல்வார்கள். கைதான அன்றே எதிரியின் முகம் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் வந்துவிட்டால் இதற்கு மதிப்பு போய்விடுகிறது. 'பேப்பரில் படம் பார்த்தீர்கள் அல்லவா?' என்ற ஒரே குறுக்கு விசாரணைக் கேள்வியில் நல்ல சாட்சிகள் தடுமாறியதை நான் பார்த்திருக்கிறேன். எதிரிக்குக் கடும் தண்டனை கிடைக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பும் பத்திரிகை, அவர் முகத்தை முந்திக்கொண்டு வெளியிடக் கூடாது. காவல்துறையினர் செய்தியாளர்களிடம் எதை, எந்த அளவு சொல்லலாம் என்பதற்கு விரிவான நெறிமுறைகளை வகுக்குமாறு 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்கு ஆணையிட்டதற்கும் இத்தகைய அனுபவங்களே காரணம்.

2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கண்காணிப்புக் கேமராவில் பதிவான உருவத்தை ஊரே பார்த்தது. கைதான இளைஞர் செப்டம்பரில் புழல் சிறையில் இறந்தார். சாட்சிகள் கூண்டேறி விசாரிக்கப்படாமலேயே அந்த வழக்கு முடிந்துபோனது. இடைப்பட்ட மாதங்களில் தொலைக்காட்சி விவாதங்களிலும் சமூக ஊடகங்களிலும் இறந்த பெண்ணின் தனி வாழ்க்கையைப் பற்றி ஆதாரமற்ற கதைகள் உலவின. அவற்றை மறுக்க அவர் இல்லை. மெய்யா பொய்யா என்று சொல்ல ஒரு தீர்ப்பும் இல்லை. அதனால் அந்தக் கதைகளைச் சொன்னவர்கள் யாரும் இன்றுவரை பதில் சொல்ல வேண்டிய நிலையே வரவில்லை. 2019 நவம்பரில் ஹைதராபாத் அருகே கால்நடை மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், கைதான நால்வரும் டிசம்பர் 6 அன்று போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்த இடத்தில் கூடியவர்கள் காவலர்கள் மீது பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல், அவர்களைக் கொல்லும் நோக்கத்தோடே சுட்டிருக்கிறார்கள் என்றும், நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் முடிவுக்கு வந்தது. பூத்தூவிய படத்தை முதல் பக்கத்தில் கண்ட வாசகர்களில் எத்தனை பேர் ஆணையத்தின் அறிக்கையை அறிவார்கள்? கைதையே தீர்ப்பாகப் படித்துப் பழகிய மக்களுக்குத் துப்பாக்கிச் சூடு தண்டனையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

குற்றச் செய்திகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொள்ளாச்சி வழக்கு 2019இல் வெளிச்சத்துக்கு வந்து மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றதில் பத்திரிகைகளின் பங்கு பெரிது. ஆனால் அதே வழக்கில், புகார் அளித்த மாணவியின் பெயரைக் காவல்துறை உயர் அதிகாரியே செய்தியாளர் சந்திப்பில் வெளியிட்டதும், அரசாணையிலும் அது இடம்பெற்றதும் நம்மைத் தலைகுனிய வைத்தன. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அதன் பிறகு பாதிக்கப்பட்ட பெண்களின் அடையாளம் கண்ணுங்கருத்துமாகக் காக்கப்பட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் எதிரிகள் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தபோது, சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு வழக்குரைஞர் தெரிவித்தார். பிறழ்சாட்சிகளாலேயே எத்தனையோ வழக்குகள் சரிந்து விழுவதைப் பார்த்த எனக்கு, தண்டனையைக் காட்டிலும் இந்தச் செய்தியே பெரிதாகப்பட்டது. பெயர் வெளியே வராது என்ற உறுதி இருந்தால் நம் பெண்கள் கூண்டேறித் தயங்காமல் பேசுகிறார்கள். அப்படியிருந்தும் 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் புகாரில் பதிவான முதல் தகவல் அறிக்கை, அவரது அடையாளத்தோடு வெளியே கசிந்தது.

ஆட்டோ சங்கர் வழக்கைத் தங்கள் தொடர் நான்கு வாரங்கள் எழுதியது. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த சங்கர் எழுதிய தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிடுவதைச் சிறை அதிகாரிகள் தடுக்க முயன்றபோது, அந்த இதழ் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையிலான அமர்வு, அவ்வாறு முன்கூட்டித் தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. பொது ஆவணங்களின் அடிப்படையில் எவரைப் பற்றியும் எழுதலாம் என்று கூறிய நீதிபதிகள், பாலியல் வன்கொடுமை, கடத்தல் போன்ற குற்றங்களுக்கு ஆளான பெண்களை மட்டும் அதற்கு விலக்காக்கினார்கள். பெயரையும் சம்பவத்தையும் பத்திரிகையில் பரப்பி அவர்களை மேலும் அவமானத்துக்கு உள்ளாக்கக் கூடாது என்றார்கள். குற்றத் தொடர்களை எழுதும் உரிமையைத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றே வாதாடிப் பெற்றுத் தந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தத் தீர்ப்பிலேயே உள்ள விலக்கையும் நாம் மதித்தாக வேண்டும். தங்கள் தொடர் சங்கரின் வாழ்க்கையை இவ்வளவு விரித்து எழுதியும், காணாமற்போனவர்களைத் தேடி அலைந்த குடும்பங்களின் புகாரைத் தொடக்கத்தில் யார் பொருட்படுத்தவில்லை, ஏன் பொருட்படுத்தவில்லை என்பதை ஓரிடத்திலும் ஆராயவில்லை.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது 1983ஆம் ஆண்டு முதலே தண்டனைக்குரிய குற்றம். பாதிக்கப்பட்டவர் இறந்துபோயிருந்தாலும் இந்தத் தடை உண்டு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் சாதாரணக் கொலை வழக்கில் இறந்தவரின் பெயருக்கோ, அவருடைய குடும்பத்துக்கோ இத்தகைய பாதுகாப்பு கிடையாது. அங்கே ஆசிரியர் குழுவின் மனச்சான்று ஒன்றுதான் காவல். இரு வாரங்களுக்கு முன்பு வெளியான பகுதியில், பல ஆண்டுகளுக்கு முன் கொல்லப்பட்ட ஒரு பெண்மணியின் திருமணப் புகைப்படமும், அவர் வாழ்ந்த வீட்டின் வாசற்படமும் இடம்பெற்றிருந்தன. அந்த வீட்டில் அவருடைய பிள்ளைகள் இன்றும் வசிக்கக்கூடும். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லக்கூடும். பெண் பார்க்க வருபவர்கள் தெருமுனையிலேயே விசாரித்துவிட்டுத் திரும்பிப் போகும் ஊர்களில் நாம் வாழ்கிறோம். அவ்விரு படங்களையும் இணையப் பதிப்பிலிருந்தாவது நீக்குமாறு தங்களை மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தொடரைத் தொடர்ந்து வெளியிடுங்கள். ஆனால் தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். அமர்வு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் பொறுமையாகப் படித்தால், மருத்துவரின் சாட்சியம் எங்கே பொருந்தியது, முதல் தகவல் அறிக்கை ஏன் தாமதமாக நடுவரிடம் சென்றது, எந்தச் சாட்சியை நீதிபதி நம்பினார், எவரை ஏன் நம்ப மறுத்தார் என்பதெல்லாம் எந்தத் துப்பறியும் கதைக்கும் குறையாத சுவையோடு அதில் இருப்பதைத் தங்கள் எழுத்தாளர் உணர்வார். அன்றாடச் செய்திகளைப் பொறுத்தவரை, ஒரு கொலை வழக்கு முடிவதற்குள் நிருபர்கள் ஊர் மாறிப் போய்விடுகிறார்கள் என்ற நடைமுறைச் சிக்கலை நான் அறிவேன். முன்பு எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்தால்தான் வழக்கின் நிலை தெரியும். இப்போது ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்க எண் ஒன்று தரப்படுகிறது. ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அதை உள்ளிட்டால் அடுத்த வாய்தா தேதியையும், வழங்கப்பட்ட தீர்ப்பையும் எவரும் பார்க்கலாம். தாங்கள் முதல் பக்கத்தில் வெளியிடும் ஒவ்வொரு கைதுச் செய்திக்கும் பின்னர் அந்த எண்ணைக் குறித்து வைத்து, தண்டனையோ விடுதலையோ, முடிவு வந்த வாரத்தில் அதே பக்கத்தில் வெளியிடுவதற்கு மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு பதிவேடும், அதைக் கவனிக்க ஒரு பொறுப்பாளரும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற சிரஸ்தார்,
விழுப்புரம்.