டி.சி. வாங்கும் முன் ஒரு சனிக்கிழமை வாருங்கள்

அரசு மேல்நிலைப் பள்ளி,
பல்லடம் வட்டாரம்.

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு முடிந்ததும் டி.சி. கேட்டு வருபவர்கள் இந்த வருடம் புதிதாக ஒரு காரணம் சொல்கிறார்கள். "அந்தத் தனியார் பள்ளிக்கூடத்துல ரோபோட்டிக்ஸ் எல்லாம் சொல்லித் தர்றாங்களாமுங்க சார்." ஆசை நியாயமானதுதான். ஆனால் கையெழுத்துப் போடும் முன் சில விவரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறு முதல் எட்டு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. கருத்தாளர் பள்ளிக்கே வந்து, கணக்கையும் அறிவியலையும் பிள்ளைகள் கையாலேயே செய்ய வைக்கிறார். மேல் வகுப்புகளுக்கு ஹைடெக் லேப் இருக்கிறது. அங்கே சனிக்கிழமைகளில் மோட்டார், சென்சார், அவற்றை இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டு எல்லாம் வைத்து நம் ஆசிரியர்கள் சொல்லித் தருகிறார்கள். தனிக் கட்டணம் கிடையாது.

இது உங்களுக்குத் தெரியாத வித்தையும் அல்ல. ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்கிறதே, அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு சென்சார் என்ன செய்யும் என்று விளக்க அதிக நேரம் பிடிப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இப்போது மண்ணின் ஈரம் பார்த்து பம்பை ஓட்டி நிறுத்தும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள். சொட்டுநீர் போட்ட தோப்புக்காரர்கள் வந்து குறை சொன்னால் நல்லது.

குறைகள் எங்களிடமும் உண்டு. போர்டுகள் போதவில்லை, ஒன்றைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். இதற்கென்று தனி ஆசிரியர் இல்லை. அறிவியல் ஆசிரியர்தான் தன் பாடத்தோடு இதையும் சுமக்கிறார். அரசு பெட்டி பெட்டியாகக் கருவி அனுப்பினாலும், சொல்லித் தர ஆள் இல்லாவிட்டால் அது பீரோவில்தான் தூங்கும். ஆசிரியர் பணியிடம் கேட்டு அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும். தவறாமல் வாருங்கள்.

இன்னொன்று. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கி 2021-ல் சட்டம் வந்தது. மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஒன்பதாம் வகுப்பில் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றிவிட்டு, பிளஸ் டூ முடிந்தபின் என்னிடம் சான்றிதழ் கேட்டால் என்னால் தர முடியாது. பெண் பிள்ளைகள் கல்லூரி போகும்போது மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தையும் மறந்துவிடாதீர்கள்.

சந்திரயான்-1 என்றதும் அதன் திட்ட இயக்குநரான நம் மயில்சாமி அண்ணாதுரைக்கு எல்லா விழாவிலும் கைதட்டுகிறோம். அவர் அரசுப் பள்ளியில் படித்தவர் என்பது மட்டும் டி.சி. எழுதும்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை!

பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு மோட்டாரும் ஒயரும் என்று சில வீடுகளில் சனிக்கிழமை அனுப்புவதில்லை. பகல் 12.30 மணிக்கே விட்டுவிடுகிறோம், வீடு தூரமென்றால் ஆசிரியை பஸ் ஏற்றிவிடுவார். லேத் பட்டறையிலோ மோட்டார் ரீவைண்டிங் கடையிலோ வேலை செய்யும் பெற்றோர் யாராவது மாதம் ஒரு சனிக்கிழமை வந்து பிள்ளைகளுக்குக் கைவேலை காட்ட முடியுமென்றால், அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்