கூட்டுத் தேனீ வளர்ப்பு: செயலாளரின் முதலாம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஊர்ப் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இவ்வாண்டு மார்ச் முடிய, ஜப்பானின் வகயாமா மாகாணத்தின் மலைப்பகுதியில் உள்ள நமது ஊர்ச் சங்கம் நடத்திய தேனீ வளர்ப்புப் பணி பற்றிய அறிக்கையைப் பேரவை முன் வைக்கிறேன். தேன் எங்கே என்று கேட்காதவர் ஊரில் இல்லை. ஆகவே அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு ஒரு சொட்டுத் தேனும் எடுக்கவில்லை. புதிதாகக் குடியேறிய கூட்டங்கள் குளிர்காலத்தைக் கடக்க அந்தத் தேன் வேண்டும் என்பதால் எடுப்பதில்லை என்று செயற்குழு முடிவு செய்தது.

எந்தத் தேனீயை வளர்ப்பது என்ற விவாதத்திலேயே தொடக்கக் கூட்டங்கள் கழிந்தன. 1877இல், மெய்ஜி காலத்தில், இறக்குமதியான மேலைத் தேனீ நிறையத் தேன் தரும் என்பது உண்மைதான். ஆனால் அதன் உடலில் ஒட்டி உறிஞ்சும் வரோவா உண்ணிக்கு மருந்து வைக்க வேண்டும். ராட்சதக் குளவி வரும் இலையுதிர் காலத்தில் பெட்டிக்குக் காவல் இருக்க வேண்டும். முதியவர்களே மிகுந்த நம் ஊரில் அதற்கு ஆள் ஏது? நாட்டுத் தேனீ தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ளும். வாசலுக்கு வரும் குளவியை நூற்றுக்கணக்கில் மொய்த்து, உருண்டையாகி, சிறகுத் தசைகளை அதிரவைத்துச் சூடேற்றிக் கொன்றுவிடும். அது கடித்துக் கொல்கிறது என்று நினைத்திருந்தோம். உருண்டைக்குள் சூடு சுமார் 46, 47 டிகிரிக்கு ஏறுகிறது, குளவி தாங்காது, தேனீ தாங்கும் என்று தமாகாவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்டார்கள். அதையே நம்பிவிடாமல், பெட்டி வாசலைக் குளவி நுழைய முடியாதபடி ஏழு மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறுக்கிவிட்டோம்.

கொசாகாவா பக்கம் இன்றும் கோரா எனப்படும் குடைந்த மரத்துண்டில்தான் பலர் வளர்க்கிறார்கள். தலையில் பலகை, பலகைமேல் கல். பார்க்க அழகு, தூக்க முடியாத கனம். நாம் எடுத்துக்கொண்டது அடுக்குப் பெட்டி முறை. அடி இல்லாத சதுரச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கூடு வளர வளரக் கீழே ஒரு சட்டம் சேர்ப்பது. தேன் எடுக்கும்போது மேல் சட்டத்தை மட்டும் கம்பியால் அறுத்து எடுப்பது. பழைய மாட்டுக்கொட்டகையின் தேவதாருப் பலகையில் செய்தோம். புது மர வாசனைக்குத் தேனீ வராது என்று பெரியவர் ஒருவர் சொல்ல, எல்லாச் சட்டங்களையும் மழையில் நனையப் போட்டு, உள்ளே மெழுகு தடவினோம்.

தேனீயை நாம் விலைக்கு வாங்கவில்லை. வசந்தத்தில் கூட்டம் பிரியும் நேரத்தில் கின்ரியோஹென் என்ற ஆர்க்கிட் பூத்தால், புது வீடு தேடும் தேனீக்கள் அதைத் தேடி வரும். பூவை வலையால் மூடித்தான் வைக்க வேண்டும். தேனீ உள்ளே புகுந்து மகரந்தத்தை எடுத்துவிட்டால் பூ சிவந்து, ஈர்க்கும் வாசனையும் போய்விடும். வைத்த பெட்டிகளில் மூன்றில் கூட்டம் குடியேறியது. மற்றவை காலியாகவே நின்றன. கி.பி. 643இல் கொரியாவின் பெக்ஜே நாட்டு இளவரசர் மிவா மலையில் நான்கு கூடுகளை விட்டு வளர்க்கப் பார்த்து, அவை பெருகாமல் போயின என்று பழைய அரச வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அந்த வகையில் நாம் இளவரசரைவிட ஒரு படி மேல்.

இந்த ஆண்டு அதிக நேரம் எடுத்தது தேனீ அல்ல, நெல். கதிர் வரும் ஜூலை, ஆகஸ்டில் நாவாய்ப் பூச்சி பால் பிடிக்கும் மணியை உறிஞ்சினால் அரிசியில் கறுப்புப் புள்ளி விழும். முதல் தர அரிசியில் நிறம் மாறிய மணி 0.1 சதவீதம் வரைதான் இருக்கலாம், அதாவது ஆயிரத்துக்கு ஒன்று. தாண்டினால் இரண்டாம் தரம், விலை இறங்கும். அதனால் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். மலையில் பூ குறைந்த அதே நாட்களில் தேனீ மகரந்தத்துக்காக நெற்பூவுக்குப் போய் அந்த மருந்தில் மாட்டிக்கொள்கிறது. வயல்காரர்களும் நம் உறுப்பினர்கள்தான். யார்மீதும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கதிர் வருவதற்கு முன்பே பூச்சி தங்கும் வரப்புப் புல்லை அறுத்துவிடுவது, அடிக்கும் நாளை ஊர்ச் சுற்றறிக்கைப் பலகையில் முன்கூட்டியே எழுதுவது, தேனீ அதிகம் வரும் காலை எட்டு முதல் பன்னிரண்டு மணியைத் தவிர்ப்பது என்று பேசி முடித்தோம். ஒருவரைத் தவிர அனைவரும் கடைப்பிடித்தார்கள். அவரோடு தலைவர் பேசிக்கொண்டிருக்கிறார். நிறம் மாறிய மணியைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் ஆலைதோறும் வந்த பிறகும் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுகோல் எதற்கு என்பது என் சொந்தக் கேள்வி. சங்கத்தின் கருத்தாகக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம்.

ஜனவரியில் கோயில் படிக்கட்டுப் பக்கத்துப் பெட்டியை இழந்தோம். வாசலுக்கு வெளியே தேனீக்கள் பறக்க முடியாமல் தரையில் ஊர்ந்தன. சிறகுகள் ஒழுங்காக மடியாமல் விலகி நின்றன. இறந்தவற்றைக் கால்நடைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனதில், மூச்சுக்குழல் உண்ணி என்று உருப்பெருக்கியில் பார்த்துச் சொன்னார்கள். நாட்டில் 2010இல்தான் இது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. மற்ற இரண்டு பெட்டிகளிலும் உண்ணிக்கு மருந்தாக மென்தால் வைத்திருக்கிறோம், இரண்டும் நலம்.

புகார் ஒன்று வந்தது. பிப்ரவரியில் வெயில் அடித்த நாளில், குளிர் முழுக்க அடக்கி வைத்திருந்த தேனீக்கள் மொத்தமாக வெளியே வந்து, கீழ்த்தெருவில் காயப்போட்ட வெள்ளை மெத்தை உறைகள்மீது மஞ்சள் மஞ்சளாகக் கழித்துவிட்டன. உறைகளைச் சங்கமே துவைத்துக் கொடுத்தது. அந்தத் தேனீக்களின் பெட்டியைக் கோடைக்குள் ஆற்றோரத்துக்கு மாற்றுவோம்.

திருத்தப்பட்ட தேனீ வளர்ப்புச் சட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பொழுதுபோக்காக வளர்ப்பவரும் பொதுவாக ஆண்டுதோறும் ஆளுநருக்குத் தகவல் தர வேண்டும். ஜனவரி 31க்குள் கொடுத்தாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

தேன் இல்லாத திட்டத்துக்குச் சந்தா எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஒரு செய்தி. நம் மாகாணத்தின் மினாபே, தனாபே பகுதியின் உமே (ஜப்பானியப் பிளம்) தோட்டங்கள் 2015இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உலக வேளாண் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. அங்கே காட்டு மரங்களும் நாட்டுத் தேனீயும் தோட்டத்தின் அங்கம். நான்கோ ரக உமே தன் மகரந்தத்தில் காய்க்காது; பிப்ரவரிக் குளிரில் பூவுக்குப் பூ பறக்க நாட்டுத் தேனீ வேண்டும். நம் ஊரிலும் உமே மரங்கள் இருக்கின்றன.

பலகை கொடுத்தவர், ஆர்க்கிட் தொட்டிகளை இரவல் தந்த பாட்டியம்மா, சுற்றறிக்கைப் பலகையை மழையிலும் வீடு வீடாகக் கொண்டுபோன பிள்ளைகள் ஆகியோருக்குச் சங்கத்தின் நன்றி.

இலையுதிர் காலத்தில் நான்கு சட்டங்களுக்கு மேல் வளர்ந்த கூட்டிலிருந்து மட்டும், மேல் சட்டம் ஒன்றைத் தேனுக்கு எடுக்கலாம் என்பதையும், மருந்தடிக்கும் நாள் குறித்த ஏற்பாட்டை இந்த ஆண்டும் தொடரலாம் என்பதையும் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்